காவலூர் வானப் படங்கள்: ஜவ்வாது மலையின் பருவங்களும் புகைப்படத் தகடுகளும்

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தை அடுத்த காவலூர், ஜவ்வாது மலையில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர். இங்குள்ள வைணு பாப்பு வானாய்வகம், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. இந்த மலையில் எடுக்கப்பட்ட இயற்கைப் படங்களில் அறிவியலுக்கு மிகவும் பயன்பட்டவை, காட்டையோ அருவியையோ காட்டும் படங்கள் அல்ல. இரவு வானத்தின் படங்களே. அவற்றை எப்போது எடுப்பது என்பதைக் கருவிகளைக் காட்டிலும் பருவமழையே அதிகம் தீர்மானித்தது.

இடம் தேடிய கதை

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 முதல் 1891 வரை பணியாற்றினார். ஆசியாவில் கண்டறியப்பட்ட முதல் சிறுகோளான 'ஏசியா' (1861) அவருடைய கண்டுபிடிப்பே. 1885இல் 'வேரா' என்ற சிறுகோளையும் கண்டார். இவை அனைத்தும் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, கையால் வரைந்த விண்மீன் வரைபடத்துடன் ஒப்பிட்டுக் கண்டவை. போக்சன் மறைந்த அதே 1891இல்தான் ஜெர்மனியில் மாக்ஸ் வுல்ஃப் முதன்முறையாகப் புகைப்படத்தின் வழியே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்.

பின்னர் தென்னிந்திய வானியல் பணி கொடைக்கானலுக்கு மாறியது. பகல் வேலையான சூரிய ஆய்வுக்கு அது சிறந்த இடம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு வந்த சூரியப் படங்களின் தொகுப்பு அங்கு உள்ளது. ஆனால் இரவு வானுக்கு அங்குள்ள மேகமூட்டம் பெரும் தடை.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற வைணு பாப்பு (1927–1982), புகைப்படத் தகட்டின் ஆற்றலை நேரடியாக அறிந்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது 1949 ஜூலையில், தாம் எடுத்த தகடு ஒன்றில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டவர் அவர். பாப்பு–பாக்–நியூகெர்க் என்பது அந்த வால்மீனின் பெயர். நகர வெளிச்சத்திலிருந்து விலகி, ஆண்டில் பல மாதங்கள் தெளிவாக இருக்கும் வானைத் தேடிய அவர் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1960களின் இறுதியில் உள்நாட்டில் செய்யப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் செய்ஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியால் திறந்து வைக்கப்பட்டது. பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. வானாய்வகத்துக்கு அவர் பெயர் அன்றுதான் சூட்டப்பட்டது.

பருவமும் வானமும்

ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் பனிமூட்டமும். ஈரக்காற்றில் கண்ணாடிப் பரப்புகளில் நீர் படியும் என்பதால், மேகம் இல்லாத இரவுகளிலும் தொலைநோக்கியைத் திறக்க இயலாமல் போவதுண்டு. ஆகவே பொங்கலுக்குப் பிறகு, கோடை இடிமழை தொடங்கும் வரையிலான மாதங்களே அறுவடைக் காலம். மலையின் இலையுதிர் காடுகள் வறண்டு பழுப்பேறி நிற்கும் அதே மாதங்களில்தான் வானம் வளமாக இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பால்வீதியின் மையப்பகுதி நள்ளிரவில் உச்சத்துக்கு வருவது ஜூன் மாதத்தில்; அப்போது மழைமேகம் மறைத்துவிடும். அதைப் படமெடுக்க விரும்புவோர் மாசி, பங்குனி மாதங்களில் விடியலுக்கு முன் எழ வேண்டும். கார்த்திகை விண்மீன் கூட்டம் மாலையில் எழும் கார்த்திகை மாதமும் மழைக்காலமே. மாறாக, அகத்தியர் விண்மீன் மாசியின் முன்னிரவில் தெற்கே சுமார் 25 பாகை உயரத்தில் தெளிவாக நிற்கும். காவலூர் நிலநடுக்கோட்டிலிருந்து 12½ பாகை வடக்கே இருப்பதால் வடக்கில் துருவ விண்மீனும், சித்திரை இறுதியில் தெற்கில் தென்சிலுவையும் ஒரே இரவில் தெரியும்.

இந்தத் தென்வானம் 1987இல் பெரிதும் கைகொடுத்தது. அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில், சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. காவலூரில் அது அடிவானத்திலிருந்து அதிகபட்சம் 8 பாகையே உயர்ந்தது. இருந்தும் அதன் நிறமாலை இங்கு பதிவு செய்யப்பட்டது. வறண்ட பிப்ரவரியாக இல்லாமல் நவம்பராக இருந்திருந்தால் அவ்வளவு தாழ்வாக எதையும் பார்த்திருக்க முடியாது என்றே சொல்லலாம்.

பருவத்தை மீறிய வெற்றியும் உண்டு. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கேனிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வு, தென்மேற்குப் பருவத் தொடக்கத்திலும் காவலூரில் பதிவானது. ஆனால் அது புகைப்படம் அன்று, ஒளிமின் அளவீடு.

மாசி அமாவாசை

சிறுகோளைத் தேடும் முறை எளிது, பொறுமைதான் அரிது. வானின் ஒரே பகுதியைக் கால இடைவெளி விட்டு இருமுறை படமெடுப்பர். விண்மீன்கள் இடம் மாறாமல் இருக்கும். சிறுகோள் சற்றே நகர்ந்திருக்கும். ஒரு நாளில் முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ பாதியளவு. இரு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் நகர்ந்த புள்ளி மட்டும் துள்ளித் தெரியும். வானின் பெரும்பரப்பை ஒரே படத்தில் அடக்கும் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி இதற்குப் பயன்பட்டது.

'கல்கி' என்று பெயரிடப்பட்ட இந்தத் தேடலில், 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். நாட்காட்டியைப் புரட்டினால் அன்று மாசி மாத அமாவாசை. மழை ஓய்ந்த பருவம், நிலவற்ற இரவு ஆகிய இரண்டும் கூடிய நாள். முந்தைய ஆண்டு கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் நூற்றாண்டு. சிறுகோளுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதன் எண் 4130. போக்சனின் வேராவுக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. இடையே கழிந்தவை 103 ஆண்டுகள்.

அதன்பின் தகடுகளின் இடத்தை மின்னணு உணரிகள் பிடித்தன. பருவம் மாறவில்லை, ஆனால் இருள் மாறிவருகிறது. அடிவாரத்து ஊர்கள் வளர, தெருவிளக்குகளும் கடை விளக்குகளும் மேல்நோக்கி வீசும் ஒளி அடிவானத்தில் வெளிறிய திரையாகப் படிகிறது. இத்திரை முதலில் விழுங்குவது தாழ்வான வானத்தை. அதாவது, 1987இல் வெடிப்பு தெரிந்த அந்த 8 பாகை உயரத்தை. விளக்குகளுக்கு மேல்மூடி இட்டு ஒளியைத் தரையை நோக்கித் திருப்பினால் இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்; மின்சாரமும் மிஞ்சும்.

இதே நிறுவனத்துக்கு லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அப்பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காவலூரை விட இருண்ட, வறண்ட வானம் அது. ஆனால் ஹான்லே மிகவும் வடக்கே இருப்பதால் பெரிய மெகல்லன் மேகம் அங்கு எந்தப் பருவத்திலும் அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை.