சிமெண்டைச் சிதைக்கும் உப்பு

சிமெண்டை மனிதன் செய்த கல் என்று சொல்வதுண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824ஆம் ஆண்டில் தம் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றபோது, போர்ட்லண்டு என்னும் இடத்துக் கட்டடக் கல்லை நினைந்தே அதற்குப் 'போர்ட்லண்டு சிமெண்டு' எனப் பெயர் சூட்டினார். ஆனால் இக்கல்லுக்கும் ஒரு நோய் உண்டென்பது பின்னரே புலனாயிற்று. கடல் நீரிலும், சில நிலத்தடி நீரிலும் நின்ற கட்டடங்கள் வீங்கி, வெடித்து, உதிர்ந்தன. நீரிற் கரைந்திருந்த சல்பேட்டு உப்புகள் இதற்கு முக்கிய காரணமாகும். அந்நோயின் வேரைக் கண்டு, அதன் போக்கைக் கணக்கிட அறிஞர் முயன்ற வரலாறு நெடியது.

கடல் நீர் சுண்ணக் கலவைகளை அழிப்பதன் இரசாயனக் காரணங்களைப்பற்றிப் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் லூயி விக்கா 1857இல் நூல் வெளியிட்டார். 1890இல் கான்ட்லோ என்பார், சிமெண்டிலுள்ள அலுமினேட்டும் சல்பேட்டும் கூடிப் புதியதோர் உப்பு விளைவதைக் காட்டினார். ஊசி போன்ற படிகங்களையுடைய அவ்வுப்பு இயற்கையிலும் உள்ளது. ஜெர்மனியில் எட்ரிங்கன் என்னும் ஊரருகே 1874இல் அறியப்பட்டமையால், அக்கனிமம் எட்ரிங்கைட்டு எனப் பெயர் பெற்றது. 1892இல் ஜெர்மானிய அறிஞர் மிகாயெலிஸ் இவ்வுப்பைச் 'சிமெண்டுக் கிருமி' என்றழைத்தார். காசநோய்க் கிருமியைக் கோக் கண்டறிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

ஆயினும் இக்'கிருமி' முழு உருவோடு வெளியிலிருந்து வருவதன்று. சல்பேட்டு வெளியிலிருந்து வருகிறது. அலுமினேட்டோ சிமெண்டிற்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் கூடும்போது, எட்ரிங்கைட்டின் ஒவ்வொரு கூறும் 32 நீர் மூலக்கூறுகளைப் பிணைத்துக்கொண்டு பருக்கிறது. இடம் போதாமல் கான்கிரீட்டு பிளக்கிறது. வியப்பு யாதெனில், சிமெண்டு சட்டென இறுகிவிடாதிருக்க, ஆலையிலேயே ஜிப்சம் என்னும் சல்பேட்டைச் சேர்த்து அரைக்கின்றனர். கலவை குழைந்திருக்கும்போது எட்ரிங்கைட்டு தோன்றினால் தீங்கில்லை, கலவை இடங்கொடுக்கிறது. இறுகியபின் தோன்றினாலே கேடு. பொருள் ஒன்றே; காலமே அதனை நன்மை தீமை என வகுக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாராய்ச்சி கனடாவின் மேற்குப் புல்வெளிகளில் வளர்ந்தது. அங்குள்ள உவர்நிலத்தில் சோடியம், மக்னீசியம் சல்பேட்டுகள் மிகுதி. ஐஸ்லாந்தில் பிறந்து, 1914இல் சஸ்காச்சுவன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த தோர்வால்ட்சன், சிமெண்டுக் கலவைகளைச் சல்பேட்டுக் கரைசலில் ஊறவைத்து அவற்றின் வீக்கத்தை அளந்தார். முக்கால்சியம் அலுமினேட்டு மிகுந்த சிமெண்டே எளிதில் கெடுகிறது என்பது இத்தகைய ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. 1929இல் அமெரிக்கரான போக், அப்பொருளின் அளவைக் கணக்கிட ஒரு வாய்பாடு தந்தார். சிமெண்டில் நூற்றுக்கு எத்தனை பங்கு அலுமினா உண்டோ அதனை 2.65ஆல் பெருக்க வேண்டும். இரும்பு ஆக்சைடின் பங்கை 1.692ஆல் பெருக்கி, அதிலிருந்து கழிக்க வேண்டும். அலுமினா 5, இரும்பு ஆக்சைடு 3 ஆயின் விடை ஏறத்தாழ 8.2, இரண்டும் 4 ஆயின் 3.8. சல்பேட்டை வலுவாக எதிர்க்கும் சிமெண்டுக்கு அமெரிக்கத் தரவிதி வகுத்த எல்லை நூற்றுக்கு 5 ஆகும்.

பள்ளி மாணவனும் போடக்கூடிய இக்கணக்கு பயனுடையதே, ஆனால் முழுமையன்று. அணைகளும் கால்வாய்களும் கட்டிய அமெரிக்க அரசுத் துறையான பீரோ ஆப் ரெக்ளமேஷன், கான்கிரீட்டு உருளைகளைச் சோடியம் சல்பேட்டுக் கரைசலில் இட்டு, 40 ஆண்டுகளுக்கு மேல் அளந்து வந்தது. அவ்வளவுகளை ஆராய்ந்த மான்டெய்ரோவும் கர்ட்டிஸும் 2003இல் முடிவை வெளியிட்டனர். அலுமினேட்டு நூற்றுக்கு 8க்குக் குறைந்தும், நீரின் எடை சிமெண்டின் எடையில் 0.45 பங்கிற்குக் குறைந்தும் இருந்த கலவைகள் அக்காலம் முழுதும் தாங்கி நின்றன. நீர் மிகுந்தால் நுண்துளை மிகும். துளைவழியே உப்புப் புகும். ஆகவே, நல்ல சிமெண்டைத் தேர்ந்தால் மட்டும் போதாது. கலவை குழைப்பவர் ஊற்றும் நீரும் கட்டடத்தின் ஆயுளை அறுதியிடுகிறது.

இன்று, உப்பு எத்தனை ஆண்டில் எவ்வளவு ஆழம் புகும் என்பதைக் கணினியால் கணக்கிடுகின்றனர். கரைசலைக் கடுமையாக்கிச் சில மாதங்களில் விடை காண்பதும் உண்டு. அவ்விடைகள் மெய்யா என உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல், நாற்பதாண்டு ஊறிய அவ்வுருளைகளே. நாற்பது ஆண்டென்பது ஒருவர் பணியிற் சேர்ந்து ஓய்வு பெறும் காலம். முடிவைத் தாம் காண்போம் என்ற உறுதியின்றி அளக்கத் தொடங்கியவர்களும், அப்பணியைக் கைவிடாமல் ஏற்றுத் தொடர்ந்தவர்களும் இல்லையேல், கணக்கு ஏட்டளவிலேயே நின்றிருக்கும்.