பார்த்த பிறகு படித்தவர்



நாடகப் பாடம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்து, ஆளுக்கு ஒரு பகுதி வாசிக்கச் சொல்கிறோம். நம்ம பிள்ளைகளும் செய்தி வாசிப்பதுபோல் வாசித்து முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பம்மல் சம்பந்த முதலியாரின் வரலாறு என்னை யோசிக்க வைத்தது.

1873இல் பிறந்த அவருக்குச் சிறு வயதில் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது. 1891இல் பெல்லாரி வழக்கறிஞர் கிருஷ்ணமாச்சாரியாரின் சரச வினோதினி சபா சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. படித்தவர்கள் மேடையேறி நடிப்பதைப் பார்த்ததும் அந்த 18 வயது இளைஞரின் எண்ணமே மாறிப்போனது. அதே ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிறகு 90க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' அவர் கையில் 'அமலாதித்யன்' ஆனது. எல்லாவற்றுக்கும் தொடக்கம், பார்த்த நாடகம்தான்!

பாட்டுகள் நிறைந்திருந்த அன்றைய தமிழ் மேடையில் உரைநடை வசனத்துக்கு இடம் தேடித் தந்தவர் அவர். தம் 'மனோகரா'வில் தாமே நாயகனாக நடித்தார். ஆக, அவருடைய வசனம் நடிகரின் வாய்க்காக எழுதப்பட்டது. முதலில் மேடை, அப்புறம்தான் அச்சு. நாமோ அச்சிலேயே நின்றுவிடுகிறோம்.

இதைச் சரிசெய்யப் போய் நான் ஒரு தவறு செய்தேன். உயர்நிலை மூன்று வகுப்பில் 'மனோகரா' நாடகப் பகுதியைக் கொடுத்துவிட்டு, 1954இல் வந்த திரைப்படத்தின் சங்கிலிக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். வகுப்பே மூச்சுவிடாமல் பார்த்தது. முடிந்ததும் ஒரு மாணவி, "டீச்சர், இந்த வசனம் தாளில் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. படத்தின் வசனம் கலைஞர் மு. கருணாநிதி எழுதியது; கதைதான் பம்மலுடையது. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியது என் பிழை.

ஆனால் அந்தக் கேள்விதான் அடுத்த பாடமாக அமைந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தோம். ஒரே கதைக்கு அரை நூற்றாண்டு இடைவெளியில் மொழி எப்படி மாறியது? சிவாஜி கணேசன் எங்கே நிறுத்துகிறார்? அவர் பேசும்போது தாயாக வரும் கண்ணாம்பாவின் முகம் என்ன சொல்கிறது? தாளில் இல்லாத இவற்றையெல்லாம் மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். முதலில் ஒருமுறை வாசியுங்கள், அடுத்து காட்சியைப் பாருங்கள், மறுபடியும் வாசியுங்கள். காட்டுவது மேடை நாடகமா, திரைப்படமா, வசனம் யாருடையது என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் தமிழ் நாடகம் அரங்கேறினால் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். நாடகம் பிடிக்காத ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். பம்மலும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைதானே!