ஹெபடைட்டிஸ் சி குணமான பிறகும் கல்லீரல் புற்றுநோய் திரும்புமா? 6 மாத ஸ்கேன் ஏன் முக்கியம்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால், வாரச் சம்பளத்தில் ஒரு நாள் கூலி போச்சு. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கும் அதே கதைதான். இந்த நிலையில் "மாத்திரை முடிஞ்சுது, வைரஸ் போயிடுச்சு, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்பது இயல்புதான். ஆனால் கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப்போனவர்கள் அப்படி விட்டுவிட்டால் ஆபத்து.

வைரஸ் போனால் கல்லீரல் சரியாகிடுமா?

ஹெபடைட்டிஸ் சி-க்கு சோஃபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. பெரும்பாலும் 12 வாரம். 100-ல் 95 பேருக்கு மேல் குணமாகிறது. சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லை என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் வைரஸ் பல வருஷமாக உண்டாக்கிய தழும்பு உடனே மறையாது. இந்தத் தழும்பு முற்றிய நிலைதான் 'சிரோசிஸ்'. புற்றுநோய் பெரும்பாலும் இந்தத் தழும்பேறிய கல்லீரலில்தான் உருவாகிறது.

மாத்திரையே புற்றுநோயைத் திரும்ப வரவழைக்குதா?

இந்தப் பயம் 2016-ல் கிளம்பியது. கல்லீரல் புற்றுநோய்க்கு சிகிச்சை முடித்து, பிறகு இந்த மாத்திரை எடுத்த 58 பேரை ஸ்பெயினின் பார்சிலோனா மருத்துவர்கள் கவனித்தனர். சில மாதங்களிலேயே 16 பேருக்குப் புற்றுநோய் திரும்பியது. உலகம் முழுக்க மருத்துவர்கள் அதிர்ந்தார்கள்.

ஆனால் மாத்திரை எடுக்காதவர்களோடு அந்த ஆய்வு ஒப்பிடவில்லை. 2019-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு அதைச் செய்தது. புற்றுநோய் கட்டி சிகிச்சையில் முழுமையாக மறைந்த 793 பேரில், மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 42 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் திரும்பியது. அதாவது, மாத்திரையால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் மாத்திரை எடுத்தவர்களிலும் 100-ல் 42 பேருக்குத் திரும்பியிருக்கிறது. கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றினாலும் 5 ஆண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்பலாம்.

இதுவரை புற்றுநோய் வராதவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: வைரஸ் ஒழிந்தால் புதிதாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம் குறைகிறது. எனவே பயந்து மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது.

யார், எப்போது ஸ்கேன் எடுக்கணும்?

* சிரோசிஸ் இருந்தால்: வைரஸ் போன பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட். கூடவே ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம்.
* ஏற்கெனவே கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தால்: முதல் வருஷம் 3 - 4 மாதத்துக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பது வழக்கம். பிறகு இடைவெளியை மருத்துவர் முடிவு செய்வார்.
* தழும்பு லேசாக இருந்தால்: தொடர் ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே" என்று தள்ளிப்போட வேண்டாம். தொடக்கத்தில் இந்தப் புற்றுநோய் வலி தராது. வலி, மஞ்சள் காமாலை, எடை குறைவு தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். சிறிய கட்டியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அகற்றவோ, சுட்டு அழிக்கவோ வழி உண்டு.

செலவுக்கு என்ன வழி?

இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்களும் குடும்பத்தினரும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாகக் கட்டணமின்றி பரிசோதனை, சிகிச்சை பெறலாம். புற்றுநோய் உறுதியானால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு தொழிலாளிக்கு 2 ஆண்டு வரை கூலியில் 80 சதவீதம் உதவித்தொகையாகவும் கிடைக்கும்.

அட்டை இல்லையா? மத்திய அரசின் தேசிய கல்லீரல் அழற்சி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் செயல்படுகிறது. இதில் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அருகில் எங்கே கிடைக்கும் என்பதை அரசு மருத்துவமனையிலோ 104 எண்ணிலோ கேட்கலாம்.

இதையும் கவனிங்க

* குணமான பிறகும் ஆன்டிபாடி பரிசோதனை 'பாசிட்டிவ்' என்றே காட்டும். பயப்பட வேண்டாம், ஆர்.என்.ஏ. முடிவுதான் முக்கியம்.
* ஒருமுறை குணமானாலும் மறுபடி தொற்றலாம். தடுப்பூசி கிடையாது. ஒரே ரூமில் தங்கியிருந்தாலும் ஷேவிங் ரேஸரைப் பகிர வேண்டாம்.
* மது கூடவே கூடாது. சர்க்கரை, உடல் எடை கட்டுக்குள் இருக்கட்டும்.

அடுத்த ஸ்கேன் தேதியை இப்போதே செல்போன் காலண்டரில் போட்டு வையுங்கள். 6 மாதத்தில் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, ஸ்கேன் தள்ளிப்போகக் கூடாது.