கொங்கு நாட்டு விடுதலைக் கிளர்ச்சி (1799–1805)

கொங்கு நாட்டு விடுதலைக் கிளர்ச்சி என்பது திப்பு சுல்தானின் மறைவுக்குப் பின்னர், காவிரிக்கு மேற்கே இருந்த கொங்குப் பட்டக்காரர்களும் பாளையக்காரர்களும் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியை ஏற்க மறுத்து நடத்திய எதிர்ப்பைக் குறிக்கும். இதன் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர் தீரன் சின்னமலை. 1805 இல் அவர் இன்றைய சேலம் மாவட்டத்திலுள்ள சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டதோடு இக்கிளர்ச்சி அடங்கியது.

பின்னணி

சேலம், நாமக்கல் சமவெளியை 17 ஆம் நூற்றாண்டில் தாரமங்கலம் கெட்டி முதலிகள் ஆண்டனர். 'வணங்காமுடி' என்ற பட்டம் தாங்கியபோதிலும் இவர்கள் மதுரை நாயக்கர்களுக்கு உட்பட்டவர்களே. பின்னர் இப்பகுதி மைசூர் அரசின் கீழ் வந்தது.

1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலையும் சேலம், நாமக்கல் பகுதிகளையும் திப்பு கம்பனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராக அமர்ந்தார். தாமசு மன்றோ அவருக்கு உதவியாளர். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இவர்கள் காலத்தில் இங்குதான் உருப்பெற்றது. இம்முறையில் இடைநின்று வரி தண்டும் பாளையக்காரருக்கு இடமில்லை. காவிரியின் மேற்குக் கரையோ மேலும் ஏழு ஆண்டுகள் மைசூரிடமே இருந்தது. 1799 மே 4 இல் திப்பு போரில் இறந்தபின் அதுவும் கம்பனியின் கைக்கு வந்தது. கிழக்குக் கரையில் நடந்ததை அறிந்திருந்த மேற்குக் கரைத் தலைவர்கள், தமக்கு வரப்போவதையும் உணர்ந்திருக்க வேண்டும்.

விடுதலை அறிவிப்பின் தன்மை

அமெரிக்கக் குடியேற்றங்கள் 1776 இலும், எயிட்டி 1804 இலும் எழுத்து வடிவில் தம் விடுதலையை அறிவித்தன. கொங்கு நாட்டில் அத்தகைய ஆவணம் எதுவும் அறியப்படவில்லை. திறை செலுத்துவதே மேலரசை ஒப்புக்கொள்வதன் அடையாளமாக இருந்த காலத்தில், அதை நிறுத்துவது விடுதலை அறிவிப்புக்கு ஒப்பானது. மேலரசின் இசைவின்றிக் கோட்டை கட்டுவதும், அதன் பகைவரோடு கூட்டுச் சேர்வதும் அதே பொருளைத் தந்தன.

பழையகோட்டைப் பட்டக்காரர் மரபைச் சேர்ந்த சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி. மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை அவர் இடைமறித்துப் பறித்தார் என்பது கொங்கு நாட்டில் பரவலாக வழங்கும் செவிவழிச் செய்தி. பின்னர் திப்புவின் படையில் சேர்ந்து கம்பனியை எதிர்த்தார். திப்பு இறந்தபின் ஊர் திரும்பி, அறச்சலூருக்கு அருகிலுள்ள ஓடாநிலையில் கோட்டை கட்டினார்.

கூட்டணியும் போர்களும்

விருப்பாட்சி கோபால நாயக்கர் முன்னின்று திரட்டிய கூட்டணி, மைசூர்ப் பகுதியில் போரிட்டுவந்த தூந்தாசி வாக்கின் உதவியை நாடியது. 1800 சூன் 3 இல் கோயம்புத்தூரிலிருந்த கம்பனிப் படையைத் தாக்க வகுத்த திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டதால் தோல்வியுற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தூந்தாசி கொல்லப்பட்டார்.

எழுத்து வடிவ அறிவிப்பு ஒன்று அடுத்த ஆண்டு தமிழகத்தில் வெளிவந்தது. 1801 சூன் 16 இல் சின்ன மருது வெளியிட்ட அந்த அறிக்கை, திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அது ஒரு பாளையத்துக்காக மட்டும் பேசவில்லை. எல்லாச் சாதியினரையும் சமயத்தினரையும் விளித்தது. அவ்வாண்டு அக்டோபர் 24 இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

கொங்கு நாட்டில் எதிர்ப்பு அதன் பின்னும் தொடர்ந்தது. 1801 இல் காவிரிக் கரையிலும், 1802 இல் ஓடாநிலையிலும், 1804 இல் அறச்சலூரிலும் சின்னமலை கம்பனிப் படையை வென்றதாகக் கொங்கு வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பீரங்கிகளோடு பெரும்படை வந்தபோது அவர் ஓடாநிலையை விட்டு நீங்கினார், கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. சமையற்காரர் ஒருவர் காட்டிக்கொடுத்ததால் அவர் பிடிபட்டார் என்பது வழக்கு.

சங்ககிரி

அடுக்கடுக்கான மதில்களைக் கொண்ட சங்ககிரி மலைக்கோட்டை, 1792 முதலே கம்பனி வசமிருந்த கிழக்குக் கரையில் உள்ளது. தலைவர்களை அவர்தம் ஊருக்கு அருகிலேயே தூக்கிலிடுவது பாளையக்காரர் போர்களில் கம்பனி பலமுறை கையாண்ட வழக்கம். சின்னமலையோ ஆற்றுக்கு அப்பால் கொண்டுவரப்பட்டார். அவருடைய சகோதரர்களும் அவரோடு தூக்கிலிடப்பட்டனர்.

நினைவு நாள் 1805 சூலை 31 என்றும், ஆடிப்பெருக்கு நாள் என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. ஆடி 18 இக்காலத்தில் ஆகத்து 2 அல்லது 3 இல் வருவதால் இவை முரண்படுவதாகத் தோன்றலாம். தமிழ் நாட்காட்டியின் ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளமானது. இருநூறு ஆண்டுகளில் இவ்வேறுபாடு ஏறத்தாழ மூன்று நாட்களாகும். எனவே 1805 இல் ஆடி 18 சூலை இறுதியிலேயே வந்திருக்கும். இந்திய அஞ்சல் துறை அவரது நினைவாக 2005 சூலை 31 இல் அஞ்சல்தலை வெளியிட்டது.