பழிகரப்பு அங்கதம்

பழிகரப்பு அங்கதம் என்பது புகழ்ச்சி, விடுகதை, குசல விசாரிப்பு ஆகியவற்றின் போர்வையில் ஒருவரை இகழும் சொற்கலை. பேச்சு வழக்கில் குத்தல், நக்கல், சாடைப்பேச்சு என்பர். செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் பரப்பி வைத்த சீர்ச் சாமான்களில் ஒரு குடத்தைக் கையிலெடுத்து, "தூக்க எவ்வளவு இலேசா இருக்கு ஆச்சி!" என்று சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி சொன்னால், தகடு மெல்லிசு என்று பொருள். கேட்ட ஆச்சிக்குக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. வாய்க்கு வந்தபடி திட்டுவது வசையில் அடங்கும். அதற்குக் கலை எதுவும் வேண்டியதில்லை.

இலக்கணிகள் இக்கலைக்குப் பண்டே இடம் வகுத்துவிட்டனர். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பிரிக்கும். நேரே பழிப்பது முன்னது. பழியை மறைத்து மொழிவது பின்னது. தண்டியலங்காரம் புகழ்வதுபோலப் பழித்தலை இலேச அணியின் ஒரு வகையாக வைக்கிறது. குடத்தைப் பற்றிச் சொன்ன 'இலேசா' என்ற சொல்லும் அணியின் பெயரும் ஒத்துப்போவது பொருத்தமே. புகழ்வதுபோலப் பழிப்பதைப் பிற்காலத்தார் வஞ்சப்புகழ்ச்சி என்றனர்.

பழைய எடுத்துக்காட்டுகளில் தலையாயது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலைப் பார்க்கிறார். பீலி சூட்டி, நெய் பூசி, காவலில் வைத்த வேல்கள். அவற்றின் அழகை வியந்துவிட்டு, எங்கள் தலைவனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். போர் பார்க்காத ஆயுதம் என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை. குறளின் கயமை அதிகாரமும் இம்முறையைக் கையாளும்: கயவரைத் தேவர்களுக்கு ஒப்பிட்டு, இருவரும் மனம்போனபடி நடப்பவர்கள் என்று காரணம் காட்டும் (1073).

தனிப்பாடல்களைச் சுற்றி வழங்கும் கதைகளில் இக்கலை விளையாட்டாகிறது. கம்பர் ஔவையாரிடம், ஒற்றைத் தண்டில் நான்கு இலை விரிந்த செடி எது என்று விடுகதை போட்டார். 'அடீ' என்று விளித்ததுதான் வினை. (சங்க கால ஔவை வேறு, இவர் வேறு.) ஔவையார் விடையோடு வட்டியும் சேர்த்துக் கொடுத்தார். கம்பரை முதலில் 'எட்டேகால் இலட்சணமே' என்று விளித்தார். எட்டுக்கும் காலுக்கும் உரிய தமிழ் எண் குறிகள் 'அ', 'வ'. இரண்டையும் இலட்சணத்தின் முன் வைத்தால் அவலட்சணம். பிறகு எமனின் வாகனம் என்றார், அது எருமை. மூதேவியின் வாகனம் என்றார், அது கழுதை. கூரையில்லா வீடு என்றார், அது குட்டிச்சுவர். கடைசியில் இராமனின் தூதர் என்றார். இராமகாதை பாடியவருக்குப் பெருமையாகத் தோன்றும். தூது போனது குரங்கு. விடையாகச் சொன்ன ஆரைக்கீரையின் பெயரும் 'யாரையடா சொன்னாய்' என்று திரும்பிக் கேட்கிறது. எண் குறியும் புராணமும் அறியாதவரை இப்படித் திட்ட முடியாது. இத்தகைய இகழ்ச்சியைச் சம அறிவுடையவருக்கே செலவிட்டனர்.

வசைக்கென்றே பெயர் பெற்ற 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருந்து, பொழுது சாயும்போது அரிசி வரும், விடிவெள்ளி எழும்போது இலையில் சோறு விழும் என்று பாடினாராம். சத்திரக்காரர் காலில் விழவே, அதே பாட்டுக்கு ஊர் பசியால் வாடும்போது இங்கே அரிசி வரும், இங்கு இடும் அன்னத்தின் வெண்மை வெள்ளியையே நாணச் செய்யும் என்று புகழுரை சொன்னார். ஓர் எழுத்தும் மாறவில்லை. சிலேடையின் உச்சம் இதுவே.

காரைக்குடியில் இக்கலைக்கு மேடை கிடைத்தது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களில் பட்டிமன்றம் வளர்ந்தது. குன்றக்குடி அடிகளார் நடுவராகப் புகழ்பெற்றார். எதிரணியை முதலில் அளவுக்கு மீறிப் பாராட்டி, பிறகு அந்தப் பாராட்டைக் கொண்டே வாதத்தைக் கவிழ்ப்பது பட்டிமன்றப் பேச்சாளரின் பழகிய உத்தி. பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் உண்டு. இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் இக்கலை 'கலாய்த்தல்' எனப்படுகிறது, அதில் கரப்பு குறைவு.

ஔவையாரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதாகச் சொல்லப்படும் கம்பருக்குச் சிவகங்கையை அடுத்த நாட்டரசன்கோட்டையில் சமாதிக் கோயில் உண்டு. கம்பன் விழாவின் நிறைவு நாள் பங்குனி அத்தத்தன்று அங்கே நடைபெறும். பிள்ளைகளுக்கு நாவன்மை வரவேண்டும் என்று அவ்விடத்து மண்ணை எடுத்து நாவில் தடவும் வழக்கம் இப்பகுதியில் உண்டு.