தலைக்கணக்கு வேற, ஓட்டுக்கணக்கு வேற: திருவண்ணாமலை சொல்லும் பாடம்

1/ தேர்தல் வந்தா டீக்கடையிலயும் டிவியிலயும் ஒரே பேச்சுதான். "இந்த ஊர்ல இன்ன சாதி இத்தனை பேர், அதனால ஓட்டு இன்னாருக்கு." சின்ன ஊர் மக்களைப் பத்தின ரொம்பச் சோம்பலான நம்பிக்கை இது. அடி அண்ணாமலை, திருவண்ணாமலை வட்டாரத்து வரலாற்றை வெச்சு இதைச் சோதிச்சுப் பார்ப்போம். #இழை

2/ 1937 தேர்தல்ல சொத்து, வரி, படிப்பு இருந்தவங்களுக்குத்தான் ஓட்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருத்தர். கிராமத்துல பெரும்பான்மையா இருந்தாலும் கூலி விவசாயிக்கு அரசியல் எடை கிடையாது. 1951-52ல் 21 வயசான எல்லாருக்கும் ஓட்டு வந்தது. எண்ணிக்கைக்கு முதல்முறையா மதிப்பு வந்தது அப்போதான்.

3/ வட, தென் ஆற்காடு மாவட்டங்களில் வன்னியர் பெரிய சமூகம். தெற்கே எஸ்.எஸ்.ராமசாமி படையாச்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடம் ஜெயிச்சது. நம்ம வட ஆற்காட்டில் எம்.ஏ.மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடம். 375 பேர் சபையில் காங்கிரசுக்கு 152தான். அப்போ இந்த 25 பேருக்கு எவ்வளவு மவுசு இருந்திருக்கும், யோசிங்க.

4/ 1952ல் ராஜாஜி அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கர் சேர்ந்தார். 1954ல் காமராசர் அமைச்சரவையில் படையாச்சியும் வந்தார். ரெண்டு கட்சியும் காங்கிரசில் கரைஞ்சது. சாதிக்கணக்கு சரின்னா, 1957ல் திருவண்ணாமலை காங்கிரஸ் கோட்டை ஆகியிருக்கணும்.

5/ ஆகலை! அந்த வருஷம்தான் திமுக முதல்முறையா தேர்தல்ல நின்னது. சட்டமன்றத்தில் 15 இடம், மக்களவையில் ரெண்டே ரெண்டு. ஒண்ணு நாமக்கல், ஈ.வெ.கி.சம்பத். இன்னொண்ணு திருவண்ணாமலை, இரா.தர்மலிங்கம். சட்டமன்றத்துக்கும் இங்கேயிருந்து ப.உ.சண்முகம் போனார்.

6/ காமராசர் முதல்வரா இருந்தப்பவே, 1963 இடைத்தேர்தலில் சண்முகம் இங்கே திரும்ப ஜெயிச்சார். அதே வருஷம் காமராசர் பதவியை விட்டு கட்சிப் பணிக்குப் போனார். 1967ல் காங்கிரஸ் ஆட்சியே போச்சு.

7/ அஞ்சு வருஷத்துல ஊரோட சாதி விகிதம் மாறிடுமா? மாறாது. தலைவர் கட்சி மாறினார், ஓட்டர் பின்னாடியே போகலை, அவ்வளவுதான். நடுவுல மேடைப் பேச்சு, படிப்பகம், பத்திரிகை, சினிமான்னு புதுசா ஒரு உலகம் திறந்திருந்தது. ஒரு குழுவோட சராசரியை அதிலிருக்கிற ஒவ்வொரு ஆள் தலையிலும் கட்டக் கூடாதுன்னு மருத்துவப் புள்ளியியலில் முதல் பாடமாவே சொல்லித் தருவாங்க. தேர்தலுக்கும் அது பொருந்தும்.

8/ அப்போ சாதியே விஷயமில்லையா? அப்படிச் சொன்னா அது பொய். 1980ல் திண்டிவனத்து டாக்டர் ராமதாஸ் வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். 1987 செப்டம்பர் சாலை மறியலில் 21 உயிர் போச்சு. 1989ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20% ஒதுக்கீடு வந்தது. அதே வருஷம் பாமக பிறந்தது.

9/ ஆனா 1991ல் பாமகவுக்குக் கிடைச்சது ஒரே எம்எல்ஏ. 2016ல் தனியா நின்னு 5 விழுக்காட்டுக்கு மேல வாங்கியும் ஒரு இடம்கூட இல்லை. எண்ணிக்கை இருந்தா கோரிக்கையை வெல்லலாம். தொகுதியை வெல்ல அடுத்த தெருக்காரரும் கூட வரணும்.

10/ இப்போ வாக்குப்பதிவு. 2021ல் கரூர் மாவட்டம் 83 விழுக்காட்டைத் தாண்டியது, சென்னை 60ஐத் தொடலை. உடனே "படிச்சவன் சோம்பேறி"ன்னு தீர்ப்பு சொல்லிடாதீங்க. எந்த விழுக்காட்டிலும் நான் முதல்ல பார்க்கிறது கீழே இருக்கிற எண்ணைத்தான். பட்டியலில் இறந்தவர், வீடு மாறினவர் பேரெல்லாம் தங்கியிருந்தா பதிவு குறைவாத்தான் தெரியும்.

11/ கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையை எடுத்துக்குங்க. வருஷக்கணக்கா தங்குற வெளிநாட்டு பக்தர் குடியிருப்பார், ஓட்டர் இல்லை. சாமியார்களில் பலர் பேர் எந்த ஊர்ப் பட்டியலிலும் இருக்காது. கட்டட வேலைக்கு பெங்களூரு போன பையன் பேர் இங்கே இருக்கும், ஆள் இருக்க மாட்டான். அவன் ஓட்டுப் போட பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகணும். இது அலட்சியமா, செலவா?

12/ அதனால "அந்த ஊர் அப்படித்தான்"னு யாராவது சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. போன தடவையும் அப்படித்தான் போட்டாங்களா? போடாதவங்க எங்கே இருந்தாங்க? அப்படியே பட்டியலில் உங்க பேரையும், வெளியூர்ல வேலை பார்க்கிற தம்பி தங்கச்சி பேரையும் இன்னைக்கே சரிபாருங்க. 1937ல் நம்ம கொள்ளுத்தாத்தாக்களில் பெரும்பாலானவங்களுக்குக் கிடைக்காதது அது.