விசாரணையில்லாச் சிறை: கோபாலன் வழக்கு முதல் குண்டர் சட்டம் வரை

தனிமனித விடுதலையின் வரலாற்றை நம் சட்ட நூல்கள் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளுக்கு இடையில் சொல்லி முடித்துவிடுகின்றன. 1950இல் ஏ.கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 21ஆவது பிரிவைக் குறுக்கிப் படித்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் அதையே விரித்துப் படித்தது. இவ்வளவும் உண்மைதான். ஆனால், ஒருவரை விசாரிக்காமலே அடைத்துவைக்கும் அதிகாரம் அந்த விரிவால் எவ்வளவு சுருங்கியது? தமிழ்நாட்டின் நடைமுறையை வைத்துப் பார்த்தால், மிகச் சிறிதளவே சுருங்கியது என்பது என் வாதம்.

இந்த அதிகாரம் கம்பெனி ஆட்சி விட்டுச்சென்றது. வங்காளத்தில் 1818இலும் சென்னையில் 1819இலும் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைகள் அரசியல் காரணங்களுக்காக ஆட்களை விசாரணையின்றிச் சிறைவைக்க இடம் தந்தன. 1919இல் ரௌலட் சட்டம் வந்தபோது நாடே கொதித்தெழுந்தது. அப்படிக் கொதித்த தலைமுறைதான் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து தடுப்புக் காவலை அரசமைப்புக்குள்ளேயே எழுதிவைத்தது.

சபையில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முறையான நியாய நடைமுறையின்றி எவருடைய விடுதலையும் பறிக்கப்படக் கூடாது என்பது 21ஆவது பிரிவின் தொடக்க வரைவு. அமெரிக்கா சென்றிருந்த, சபையின் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அங்கே நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்துத் திரும்பிய பின், சட்டம் வகுத்த நடைமுறை இருந்தால் போதும் என்று அது மாற்றப்பட்டது. வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அந்த மாற்றத்துக்காக வாதாடினார். விடுதலையைச் சட்டமன்றத்தின் கையில் விட்டுவிட்டோமே என்ற கண்டனம் எழுந்ததால், 1949 செப்டம்பரில் அம்பேத்கர் ஈடுகட்டும் வகையில் ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தார். அதுவே இன்றைய 22ஆவது பிரிவு. கைதானவருக்கு வழக்கறிஞர் உண்டு, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தப்படுவார் என்கிற அந்தப் பிரிவே, தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இவை பொருந்தா என்றும் சொல்கிறது.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே சிறையில் இருந்தார். 1950 மார்ச் 1 அன்று, சிறைக்குள்ளேயே அவரிடம் புதிய சட்டத்தின்படி ஓர் ஆணை நீட்டப்பட்டது. அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்று தடுத்தது. எதற்காக அடைத்தார்கள் என்பதை நீதிபதியிடமே சொல்ல முடியாத ஒருவர் எப்படி விடுதலை கேட்பார்? அவருக்காக வாதாடிய எம்.கே. நம்பியார் அதைத்தான் கேட்டார். 14ஆவது பிரிவு வீழ்ந்தது. சட்டத்தின் மற்றப் பகுதி பிழைத்தது. இயற்கை நீதியின் அடிப்படைகளை நடைமுறை என்ற கருத்திலிருந்து பிரிக்க முடியாது என்று ஃபசல் அலி தனித்து எழுதினார். அன்று தோற்ற அந்த மாறுபட்ட தீர்ப்பே பிற்காலத்துக்கு வழிகாட்டியது.

பிறகு மிசா, நெருக்கடி நிலை, 1976இன் ஜபல்பூர் தீர்ப்பு, எச்.ஆர். கன்னாவின் ஒற்றை எதிர்ப்பு. இவை தமிழ் வாசகர்கள் நன்கறிந்தவை. மேனகா வழக்கில் ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: அது கடவுச்சீட்டு பற்றிய வழக்கு, கைதியின் வழக்கன்று.

1982இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தடுப்புக் காவல் சட்டம் இயற்றியது. மக்கள் அதைக் குண்டர் சட்டம் என்கிறார்கள். கள்ளச்சாராயம், போதைப்பொருள் என்று தொடங்கிய பட்டியலில் பின்னர் வனக் குற்றம், திருட்டு வீடியோ, மணல், இணையவழிக் குற்றம், பாலியல் குற்றம் எல்லாம் சேர்ந்தன. 2014 திருத்தத்துக்குப் பின் முதல் முறை சிக்கியவரையும் சில வகைகளில் உள்ளே வைக்கலாம். மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ கையெழுத்திடுவார். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தரும். காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று அறிவுரைக் கழகம் பார்க்கும். ஓராண்டு வரை சிறை. ஜாமீனில் வெளியே வந்துவிடுவார் என்ற அச்சமே பெரும்பாலும் ஆணையின் மையக் காரணம். காலாவதியான மருந்துகளை விற்றதாக ஒருவரை அடைத்த ரேகா வழக்கில் (2011), சாதாரணக் குற்றச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆணைகள் குறைந்தபாடில்லை.

ஆணையிட்ட அதிகாரியின் மனநிறைவை நீதிமன்றம் எடைபோடாது. ஆகவே ஆட்கொணர்வு மனு போடும் வழக்கறிஞர் ஆவணத் தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஓட்டை தேடுகிறார். ஒரு நகல் படிக்க முடியாமல் மங்கியிருக்கும். ஒரு தாளுக்குத் தமிழாக்கம் இராது. உறவினர் அனுப்பிய முறையீட்டுக்கு அரசின் பதில் பல நாள் தாமதமாகியிருக்கும். இத்தகைய குறைகளால் ஆணை ரத்தாகிறது. ஆனால் மனு விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த மாதங்கள்தாம் உண்மையான தண்டனை. அவரை அடைத்தது நியாயமா என்ற கேள்விக்குக் கடைசிவரை யாரும் பதில் சொல்வதில்லை. நடைமுறையின் வெற்றி என்று சட்ட ஆய்வாளர்கள் இதைப் பாராட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தை ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறது. 1978இன் 44ஆவது திருத்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, அறிவுரைக் கழகத்தின் கருத்தின்றி அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கவும், பணியிலிருக்கும் நீதிபதியைத் தலைவராக்கவும் சொல்கிறது. அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கையை மத்தியில் ஆண்ட எந்த அரசும் வெளியிடவில்லை. ஏ.கே. ராய் வழக்கில், அதற்காக அரசுக்குக் கட்டளையிட உச்ச நீதிமன்றமும் மறுத்தது. தமிழ்நாட்டின் கட்சிகள் தில்லியில் முதலில் கேட்க வேண்டியது அந்த அறிவிக்கையை. சட்டமன்றத்தில் செய்ய வேண்டியது, 2014இல் சேர்த்ததை நீக்குவது.